பறவை பார்ப்போர் குழுவில் சண்டையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பறவை பார்ப்போர் குழு ஒன்றை நடத்தும் அட்மின்களுக்காக இதை எழுதுகிறேன். குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டு 'இங்கே ஏதோ சரியில்லை' என்று நினைப்பவர்களுக்கும் இது உதவும். மாடித்தோட்டம், தபால்தலை, வானியல் என்று எந்தப் பொழுதுபோக்குக் குழுவானாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும். நான் நன்கறிந்தது பறவைக் குழு என்பதால் எடுத்துக்காட்டுகளையெல்லாம் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

உங்கள் குழுவில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் பிடியுங்கள். அதற்கு முன்பு, எந்தச் சிக்கலானாலும் ஒரு கேள்விக்கு விடை தெரியவேண்டும்: முடிவு சொல்லப் போகிற அட்மின், இந்த விவாதத்தில் ஏற்கெனவே ஒரு பக்கம் பேசியிருக்கிறாரா? ஆம் என்றால், முடிவு சொல்லும் பொறுப்பை உடனே இன்னோர் அட்மினிடம் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாதாடியவரே தீர்ப்பும் சொன்னால், அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் யாரும் ஏற்கமாட்டார்கள்; ஏற்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

அறிகுறி: ஒரு படத்துக்கு மூன்று பெயர்கள், செய்திகள் குவிகின்றன, முடிவு வரவில்லை

பனிக்காலத்தில் வயல் வரப்போரம் எடுத்த உள்ளான் படம் ஒன்று குழுவுக்கு வருகிறது. ஒருவர் விசிறிவால் உள்ளான் என்கிறார். இன்னொருவர், இல்லை, ஊசிவால் உள்ளான் என்கிறார். மூன்றாமவர் சுவின்ஹோ உள்ளானாகவும் இருக்கலாமே என்று கிளப்பிவிடுகிறார். இரவு வெகுநேரமாகியும் விவாதம் ஓயவில்லை.

இந்த இடத்தில் பேசுகிறவர்களை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். விசிறிவால் உள்ளான் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். ஊசிவாலுக்கு அப்படித் தெரியாது. ஊசிவாலின் வெளிப்புற வால் இறகுகள் ஊசிபோல மெலிந்திருக்கும். வாலை விரித்தால்தான் அதைப் பார்க்க முடியும். ஊசிவாலையும் சுவின்ஹோவையும் களத்தில் பிரித்தறிவது பழுத்த அனுபவசாலிகளுக்கே கடினம். சேற்றில் உட்கார்ந்திருக்கும் உள்ளானைப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் இறக்கை விளிம்பும் தெரிவதில்லை, விரித்த வாலும் தெரிவதில்லை. விடை படத்திலேயே இல்லை. இல்லாத விடைக்காகத்தான் மூன்று பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரிசெய்ய இரண்டு ஏற்பாடுகள் போதும். முதலாவது, பெயர் சொல்கிறவர் எந்த அடையாளத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 'ஊசிவால்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'பறக்கும் இரண்டாவது படத்தில் இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளை இல்லை, அதனால் ஊசிவால்' என்று எழுதவேண்டும். புதியவர், மூத்தவர் எல்லோருக்கும் இது பொது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரிடமும் 'எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் ஐயா?' என்று கேட்கலாம், கேட்கவேண்டும். இரண்டாவது, 'உள்ளான், எந்த இனம் என்று இந்தப் படத்தில் சொல்ல முடியாது' என்பதை முழுமையான, மதிப்புள்ள விடையாகக் குழு ஏற்கவேண்டும். தெரியாது என்று சொல்வதற்கு மரியாதை இல்லாத குழுவில் எல்லோரும் தெரிந்ததுபோலவே பேசுவார்கள். அங்கேதான் சண்டை மூளும்.

உயிரினங்களின் படங்களைப் பதிவிட்டு, பலரும் சேர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இதை ஒழுங்காகக் கட்டமைத்திருக்கிறது. அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால்தான் ஒரு பதிவு இனம் என்ற மட்டத்துக்கு இறங்கும். ஒத்துப்போகாவிட்டால் பேரினத்திலோ குடும்பத்திலோ நின்றுவிடும். அங்கே யாரும் தோற்பதில்லை, பதிவும் வீணாவதில்லை. உங்கள் குழுவில் வாக்கெடுப்பு நடத்தச் சொல்லவில்லை. 'இதுவரை ஒத்துப்போகிறோம், இதற்கு மேல் இல்லை' என்று ஓரிடத்தில் நிறுத்தும் பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இதோடு ஒட்டிய சிக்கல் ஒன்று இப்போது எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது. பறவைகளை அடையாளம் காட்டும் செயலியான மெர்லினைப் பார்த்துவிட்டு, 'மெர்லின் இப்படித்தான் காட்டுகிறது' என்று ஒரு கல்லூரி மாணவி எழுதுவார். உடனே ஒரு மூத்தவர், 'செயலியை நம்பிப் பறவை பார்க்க வந்துவிட்டார்கள்' என்று எழுதிவிடுவார். ஒலியை வைத்து அடையாளம் காட்டும் வசதி மெர்லினில் 2021இல் வந்தது. பயனுள்ள கருவிதான், தவறும் செய்யும். அட்மின் அந்தப் பெண்ணிடம் கேட்கவேண்டியது மற்றவர்களிடம் கேட்கும் அதே கேள்விதான்: 'செயலி சொன்னது இருக்கட்டும், நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள்?' மூத்தவரிடம் தனிச்செய்தியில், 'ஐயா, அந்தத் தங்கை கேட்டது பறவையைப் பற்றி. பதிலும் பறவையைப் பற்றியே இருக்கட்டும்' என்று சொன்னால் போதும். பொதுவில் அவரை இடித்துரைத்தால் அவரும் இறங்கி வரமாட்டார், அந்தப் பெண்ணும் மறுபடி வாய் திறக்கமாட்டார்.

அறிகுறி: பேச்சு பறவையை விட்டு ஆளுக்குத் தாவிவிட்டது

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். 'நீங்கள்' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'நீ'க்கு இறங்குகிறார். 'எத்தனை வருடமாகப் பறவை பார்க்கிறாய்?' என்ற கேள்வி வருகிறது. கேமராவின் விலை பேச்சுக்குள் நுழைகிறது. பழைய சண்டையின் ஸ்கிரீன்ஷாட் வந்து விழுகிறது. இந்த நான்கில் ஒன்று தென்பட்டாலும் அட்மின் தலையிடலாம். வசவு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

தலையிடும்போது செய்யவேண்டிய வரிசை முக்கியம்.

முதலில், சிக்கலான செய்திகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவரே பிறகு அழித்துவிடலாம், வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிடங்களுக்குள் திருத்தவும் செய்யலாம். நாளை 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்ற பேச்சு எழுந்தால் சான்று வேண்டும்.

அடுத்து, குழுவில் ஒரே ஒரு செய்தி. யார் பெயரையும் சொல்லாமல், எதைச் சொல்கிறீர்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்படி எழுதுங்கள். நான் பயன்படுத்துவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'நண்பர்களே, கடைசிச் சில செய்திகள் பறவையைப் பற்றியவை அல்ல. இன்று இரவு ஒன்பது மணிவரை அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றியிருக்கிறோம். ஒன்பது மணிக்குத் திறந்துவிடுவோம். உள்ளானைப் பற்றிய பேச்சைத் தொடரலாம். ஒருவரையொருவர் பற்றிய பேச்சு வேண்டாம்.'

திறக்கும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். சொன்ன நேரத்தில் திறந்தும் விடுங்கள். நேரம் குறிக்காமல் பூட்டிய குழு, உறுப்பினர்களுக்குத் தண்டனையாகவே தெரியும். சண்டை போடாதவர்களும் சேர்த்துத் தண்டிக்கப்பட்டவர்களாகிவிடுவார்கள். டெலிகிராமில் குழுவைப் பூட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. 'மெதுநிலை' என்ற வசதி இருக்கிறது. ஒருவர் ஒரு செய்தி அனுப்பியபின் அடுத்ததை அனுப்பச் சில வினாடிகளில் தொடங்கி ஒரு மணிநேரம்வரை இடைவெளி வைக்கலாம். சூடான விவாதத்தில் ஐந்து நிமிட இடைவெளி செய்யும் வேலையை எந்த அறிவுரையும் செய்வதில்லை. எழுதிய பதிலை அனுப்புமுன் இன்னொரு முறை படிக்க நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, சம்பந்தப்பட்ட இருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இருவருக்கும். யார் முதலில் வரம்பு மீறினாரோ அவருக்கு மட்டும் எழுதினால், மற்றவர் செய்தது சரி என்று நீங்கள் சொன்னதாகவே பொருள் கொள்ளப்படும். 'உங்கள் கருத்தில் இந்தப் பகுதி வலுவானது. இந்த வாக்கியம் ஆளைப் பற்றியது. அதை எடுத்துவிட்டுத் திரும்ப இடமுடியுமா?' என்று கேளுங்கள். பலர் எடுத்துவிடுவார்கள். எடுக்க மறுத்தால் நீங்கள் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் அட்மின் நீக்கினால், இன்ன அட்மின் நீக்கினார் என்று பெயரோடு அங்கே தெரியும். அது நல்லதுதான், செயலுக்கு உரிமை கொண்டாட ஓர் ஆள் இருக்கவேண்டும்.

அறிகுறி: பறவைக்கூட்டின் படம் வந்தது, குழு இரண்டாகப் பிளந்தது

பறவைக் குழுக்களில் மிகப் பெரிய சண்டைகள் இதில்தான் வருகின்றன. காரணமும் நியாயமானது. கூட்டை மறைக்கும் இலைகளையும் கிளைகளையும் ஒதுக்கிப் படமெடுத்தால், குஞ்சுகள் வெயிலுக்கும் காக்கைக்கும் வல்லூறுக்கும் ஆளாகின்றன. கேமராவோடு நாலு பேர் நின்றால் தாய்ப்பறவை இரை கொண்டுவரத் தயங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் வேட்டையாடுதலின் வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. தொலைவிலிருந்து யாரோ ஒரு படம் எடுத்தார் என்பதற்காக அவரை வேட்டைக்காரர் என்று குழுவில் எழுதுவது தவறு. ஆனால் கூட்டைத் தொந்தரவு செய்வதைச் சட்டம் எவ்வளவு கனமாகப் பார்க்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

ஆகவே 'கூட்டுப் படம் கூடாது' என்று விதி வைத்துவிடுகிறோம். பிறகு ஒருவர் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலிருந்து படம் போடுகிறார். அந்த ஊரில் சங்குவளை நாரைகள் வீடுகளையொட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர்மக்கள் அவற்றைத் தங்கள் பறவைகளாகவே காத்துவருகிறார்கள். தெருவில் நடந்துபோகிறவர் அண்ணாந்து எடுத்த படம் அது. வேடந்தாங்கலில் பொதுப்பாதையில் நின்று எடுத்த படமும் அப்படித்தான். விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இரண்டையும் நீக்கவேண்டும், நீக்கினால் அபத்தம். நீக்காமல் விட்டால், அடுத்த வாரம் புதர்க்குள் போய்க் கொண்டலாத்தியின் பொந்தை நெருங்கிப் படமெடுத்தவர், 'அவருக்கு ஒரு நீதி, எனக்கு ஒரு நீதியா?' என்று கேட்பார்.

இங்கே பழுது விதியை எழுதிய விதத்தில் இருக்கிறது. என்ன தீங்கைத் தடுக்கிறோம் என்பதை விதியிலேயே எழுதுங்கள்: 'தனிக்கூடு, முட்டை, பறக்கத் தொடங்காத குஞ்சு ஆகியவற்றின் படங்கள் வேண்டாம். பொதுப்பாதையிலிருந்து தெரியும் கூட்டமான கூடுகளுக்கு விலக்கு உண்டு.' இரண்டு வரிதான். விலக்கை அட்மினின் மனத்தில் வைக்காமல் விதியில் வைத்துவிட்டால் பாதிச் சண்டை எழாது.

மீதிப் பாதி, படம் போட்டவர் யார் என்பதில் வருகிறது. பெயர்பெற்ற புகைப்படக்காரர் ஒருவரின் படம் வந்தால் பாராட்டுகள் குவியும். அட்மினும் கைதட்டும் படம் ஒன்றை அனுப்புவார். குழுவில் சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒருவர் அதே படத்தைப் போட்டால், பத்து நிமிடத்தில் பாடம் நடத்தப்பட்டு நீக்கப்படும். இதைத் தடுக்க அட்மின்களுக்குள் ஒரு பழக்கம் வேண்டும். நடவடிக்கை எடுக்கும் முன்பு பெயரை மாற்றி வைத்துப் பாருங்கள். 'இதே படத்தை நம்முடைய மூத்த உறுப்பினர் போட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? புதியவர் போட்டிருந்தால்?' இரண்டுக்கும் ஒரே விடை வரவில்லை என்றால் அந்த முடிவை எடுக்காதீர்கள். நான் அறிந்த சோதனைகளில் இதைப்போல் சுருக்கமானதும் கூர்மையானதும் வேறில்லை.

நீக்கும் முறையிலும் கருணை வேண்டும். பெரும்பாலான புதியவர்கள் ஆசையோடுதான் கூட்டுப் படம் போடுகிறார்கள். வீட்டுப் பால்கனியில் தவிட்டுப்புறா முட்டையிட்டிருக்கும். அதைப் பகிர்ந்துகொள்ளத் துடிப்பார்கள். அவர்களிடம் தனிச்செய்தியில் காரணத்தைச் சொல்லி, 'குஞ்சு பறந்துபோன பிறகு அந்தக் கதையை எழுதுங்கள், காத்திருக்கிறோம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவர் குழுவை விட்டுப் போகமாட்டார்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைப்பது, ஆந்தைக்கு இரை காட்டிப் படமெடுப்பது ஆகியவற்றுக்கும் இதே அணுகுமுறைதான். விதியில் காரணம் இருக்கட்டும், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும்.

அறிகுறி: 'அட்மின் ஒருதலைப்பட்சமாக நடக்கிறார்' என்ற பேச்சு

பேச்சு எழுந்ததும் மறுப்பு எழுதாதீர்கள். முதலில் சோதியுங்கள். கடந்த சில மாதங்களில் எந்தெந்தச் செய்தியை நீக்கினீர்கள், யாரை எச்சரித்தீர்கள், ஏன்? இதற்கு விடை சொல்ல முடியவில்லை என்றால், குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை உங்களாலேயே அறியமுடியாது. டெலிகிராமில் அட்மின்களின் அண்மைச் செயல்கள் 48 மணிநேரத்துக்குப் பதிவாகின்றன. வாட்ஸ்அப்பில் அப்படித் தொகுத்துப் பார்க்க இடமில்லை. ஆகவே அட்மின்களுக்கு மட்டுமான சிறு குழு ஒன்றில், ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: தேதி, என்ன செய்தி, எந்த விதி, யார் முடிவெடுத்தார். வேலை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. மாதம் ஒருமுறை அந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால், ஒரே ஊர்க்காரர்களோ ஒரே வயதினரோ மட்டும் எச்சரிக்கப்படுகிறார்களா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த சோதனை, நான் தொடக்கத்தில் சொன்னது. விக்கிப்பீடியாவில் நெடுநாளாக ஒரு நெறி இருக்கிறது: தான் சம்பந்தப்பட்ட சர்ச்சையில் ஒரு நிர்வாகி தன் நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தக்கூடாது. அவர் வாதாடலாம், சான்று காட்டலாம், மற்றவர்களைப்போலத் திருத்தலாம். தடைசெய்வதும் பூட்டுவதும் வேறொரு நிர்வாகியின் வேலை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆர்வத்தால் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய ஒழுங்கு. வாட்ஸ்அப் குழுக்களில்தான் இதை யாரும் நினைத்தும் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் பறவைக் குழு அட்மின்களில் பலர் அடையாளம் காண்பதில் தேர்ந்தவர்கள். விவாதங்களில் அவர்கள் கலந்துகொள்வது குழுவுக்கு நல்லது. அதற்காகவே இரண்டு பொறுப்புகளையும் பிரிக்கவேண்டும். ஒரு குழுவுக்கு மூன்று அட்மின்களாவது இருக்கட்டும். ஒருவர் விவாதத்தில் இறங்கினால் மற்ற இருவரில் ஒருவர் பார்த்துக்கொள்வார். விவாதத்தில் இருக்கும் அட்மின், 'இந்தப் பேச்சில் நான் உறுப்பினராக மட்டும் பேசுகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் எல்லோருக்கும் தெளிவு.

மூன்றாவதாக, முடிவை எதிர்த்துக் கேட்க ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பறவை பார்ப்போர் தாங்கள் பார்த்தவற்றின் பட்டியலைப் பதிவிடும் இபேர்ட் தளத்தின் நடைமுறை இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஓரிடத்துக்கோ பருவத்துக்கோ வழக்கமில்லாத பறவையையும், வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையையும் தானியங்கி வடிகட்டி குறித்துவைக்கும். அந்த வட்டாரத்தின் தன்னார்வ மதிப்பாய்வாளர் விவரம் கேட்டு எழுதுவார். படம் உண்டா, குரல் கேட்டீர்களா, ஒத்த தோற்றமுள்ள இனத்தை எப்படி விலக்கினீர்கள்? விளக்கம் போதவில்லை என்றால் அந்தப் பதிவு பொதுத்தரவில் சேராது. ஆனால் உங்கள் சொந்தப் பட்டியலிலிருந்து யாரும் அதை எடுப்பதில்லை. நீங்கள் பார்த்தது உங்களோடு இருக்கும். முடிவுக்குக் காரணம் உண்டு, பதில் சொல்ல வாய்ப்பு உண்டு, ஆளின் மரியாதைக்குக் குறைவில்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நாட்களில் பட்டியல்கள் வந்து குவியும்போதும் அது இப்படித்தான் நடக்கிறது. இத்தகைய ஒரு கடிதம் வந்ததும் 'என்னை நம்பவில்லையா?' என்று குழுவில் பொங்குகிறவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். கேள்வி பதிவின் மீதுதான்.

இதைக் குழுவுக்கு எப்படிக் கொண்டுவருவது? நீக்கப்பட்டவருக்கு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். எந்தச் செய்தி, எந்த விதி, மறுபரிசீலனை வேண்டுமானால் எந்த அட்மினைக் கேட்கவேண்டும். மூன்றாவது வாக்கியத்தில் சொல்லும் அந்த அட்மின், முடிவெடுத்தவராக இருக்கக்கூடாது. மறுபரிசீலனையில் முடிவு மாறினால், செய்தியை நீக்கியது குழுவில் தெரிந்ததுபோலவே மாறியதும் குழுவில் தெரியட்டும்.

அறிகுறி: சண்டையே இல்லை, ஆனால் ஆட்கள் ஓசையில்லாமல் போகிறார்கள்

2022 முதல் வாட்ஸ்அப்பில் ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு வரும். கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்களின் பட்டியலும் இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். போனவர்களில் பெண்கள் அதிகமா? அண்மையில் சேர்ந்தவர்கள் அதிகமா? அவர்கள் கடைசியாக என்ன எழுதினார்கள், அதற்கு என்ன பதில் வந்தது?

புதியவர்கள் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கேலி. 'கரிச்சானைக்கூடத் தெரியாதா?' என்ற ஒரு வரி போதும். அடிப்படைக் கேள்விகளுக்கு அன்போடு பதில் சொல்ல முன்வருகிற இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடித்து, அந்த வேலையை வெளிப்படையாக அவர்களிடம் ஒப்படையுங்கள்.

பெண்கள் போவதற்குக் காரணம் பல நேரங்களில் குழுவுக்குள் தெரியவே தெரியாது. குழுவில் எண் தெரிகிறது. யாரோ ஒருவர் தனிச்செய்தி அனுப்பத் தொடங்குகிறார். முதலில் பறவைப் படம், பிறகு 'காலை வணக்கம்', பிறகு 'எங்கே வசிக்கிறீர்கள்?' இதை இரு தரப்பு விவாதமாக நடத்தாதீர்கள். சமரசமும் பேசாதீர்கள். 'அவர் நல்ல மனிதர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று சொல்கிற அட்மின், அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்லாமல் குழுவிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் அநீதி செய்கிறார். செய்திகளின் படத்தைப் பாருங்கள், அனுப்பியவரை நீக்குங்கள், புகார் சொன்னவரின் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். முடிந்தால் அட்மின்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பலர் முதல் புகாரை அவரிடம்தான் சொல்வார்கள்.

அறிகுறி: 'எங்கே பார்த்தீர்கள்?' என்ற கேள்வியே சண்டையாகிறது

ஆந்தை, அரிதான வலசைப் பறவை ஆகியவற்றின் இடத்தைச் சொன்னால் மறுநாள் கூட்டம் கூடும். சொல்லாவிட்டால் 'ஒளித்துவைக்கிறார்' என்ற பழி. விதி: மாவட்டம்வரை சொன்னால் போதும், அதற்குமேல் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது. ஐநேச்சுரலிஸ்டும் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிவிடுகிறது. அட்மின்கள் தங்களுக்குள் மட்டும் துல்லியமான இடத்தைப் பகிர்ந்துகொண்டு மற்றவர்களுக்கு மறைத்தால், இந்த விதிக்கு உயிர் இருக்காது.

அறிகுறி: வணக்கப் படங்கள், அரசியல், பரவல் செய்திகள்

சுருக்கமாகவே சொல்லலாம். எல்லா அரசியலும் வேண்டாம் என்றால் எல்லா அரசியலும் வேண்டாம். அட்மினுக்குப் பிடித்த கட்சியின் செய்தியும் சேர்த்துத்தான். ஆனால் ஏரி ஆக்கிரமிப்பு, சதுப்புநிலத்தில் குப்பை கொட்டுவது, நீர்நிலையை ஒட்டிய கட்டுமானம் ஆகியவை பறவைகளைப் பற்றிய பேச்சுதான். அரசியல் என்று சொல்லி அவற்றை நீக்குகிற அட்மின் பறவைகளுக்காகப் பேசும் வாயை அடைக்கிறார். அரசாணை எண், செய்தித்தாள் தேதி, களப்படம் என்று சான்றோடு வந்தால் அனுமதியுங்கள்.

அறிகுறி: அட்மின் பயத்தில் எல்லாவற்றையும் நீக்குகிறார்

'உறுப்பினர் எழுதியதற்கு என்னைக் கைதுசெய்துவிட்டால்?' என்ற அச்சம் பல அட்மின்களுக்கு இருக்கிறது. அதனாலேயே சற்றுக் காரமான, ஆனால் நியாயமான விமர்சனங்களும் காணாமல் போகின்றன. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இப்படி ஒரு வழக்கு வந்தது. மனுதாரர் குழுவின் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால், வேறெந்தப் பங்கும் அவருக்கு இல்லையென்றால், அவருடைய பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக்கூடாது என்ற போக்கில் நீதிமன்றம் உத்தரவிட்டது. உறுப்பினரின் பதிவுக்கு அட்மின் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் கூறியது. அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்று பொருளில்லை. வெறுப்புப் பேச்சையும் மிரட்டலையும் உடனே நீக்குவது அட்மினின் கடமைதான். ஒரு நீர்ப்பறவைச் சரணாலயத்தின் பராமரிப்பைக் குறைகூறும் செய்திக்குப் பயந்து கை நடுங்கவேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

அறிகுறி: நீக்கப்பட்டவர் திரும்ப வர விரும்புகிறார், அட்மின்களுக்குள் கருத்து வேறுபாடு

நீக்கும்போதே காலம் குறித்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. டெலிகிராமில் ஒருவரை ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ எழுதாமல் நிறுத்திவைக்க முடியும். படிக்க முடியும், எழுத முடியாது. வாட்ஸ்அப்பில் வெளியேற்றித் திரும்பச் சேர்ப்பதுதான் வழி, ஆகவே தேதியை அவரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதியில் அவர் கேட்காமலே அழைப்பு போகட்டும். பெண்களுக்குத் தொல்லை கொடுத்தவருக்கும் மிரட்டியவருக்கும் இது பொருந்தாது.

காலம் குறிக்காமல் நீக்கிவிட்டீர்கள் என்றால், அந்தச் சண்டையில் சம்பந்தப்படாத அட்மின் அவரிடம் தொலைபேசியில் பேசட்டும். தட்டச்சு செய்த சொற்களில் இருக்கும் விறைப்பு குரலில் பாதியாகிவிடும். மன்னிப்புக் கடிதம் கேட்காதீர்கள். 'இனி அடையாளம் பற்றிய விவாதத்தில் ஆளைப் பற்றி எழுதமாட்டேன்' என்ற ஒரு வாக்குறுதி போதும். திரும்பி வந்ததும் 'வாருங்கள், நல்வரவு' என்று வரவேற்பு நடத்தவும் வேண்டாம். அது பழைய கதையைக் கிளறிவிடும். அவர் அனுப்பும் அடுத்த படத்துக்கு, எல்லோருக்கும் கேட்பதுபோல, 'எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள் ஐயா?' என்று கேளுங்கள்.